கணக்குப் பதிவும் கணிப்பொறியும்

வாணிகம் நடத்துவோர் ஒவ்வொருவரிடமும் இருவகைச் செல்வங்கள் உள்ளன. ஒன்று, கடையிலும் கிடங்கிலும் கண்ணுக்குப் புலனாகும் சரக்கு. மற்றொன்று, அச்சரக்கைப் பற்றிய செய்தி. யார் எவ்வளவு கடன்பட்டிருக்கிறார், கிடங்கில் எஞ்சியுள்ள சரக்கு எவ்வளவு, இம்மாதம் சர்க்காருக்குச் செலுத்த வேண்டிய வரி எவ்வளவு என்னும் மூன்று வினாக்களுக்கு உடனே விடை கூற இயலாத கடை, சரக்கு நிறைந்திருப்பினும் நெடுநாள் நிலைத்து நிற்பதில்லை. இவ்விடைகளைத் திரட்டுவதற்கும், ஒழுங்குபடுத்துவதற்கும், வேண்டும்போது எடுத்துத் தருவதற்கும் ஓர் ஸ்தாபனம் கைக்கொள்ளும் ஏற்பாடு முழுவதையும் ‘தகவல் முறை’ என்று கூறலாம். அதில் கணிப்பொறி ஓர் உறுப்பு. பதிவு செய்யும் எழுத்தர், அதற்கு ஆதாரமான சீட்டு, அதனைச் சரிபார்க்கும் அதிகாரி, பின்பற்றப்படும் விதி ஆகியவையும் அதன் உறுப்புகளே.

வாணிக ஸ்தாபனங்கள் இத்தகைய முறைகளை எவ்வாறு உபயோகிக்கின்றன என்பதைப் பெங்களூரில் தோன்றிய ஒரு கணக்கு மென்பொருளை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரையில் விளக்குவோம். அம்முறைகள் கூறுவதை எந்த அளவுக்கு நம்பலாம், எவ்விடத்தில் நின்று சரிபார்க்க வேண்டும் என்பதையும் ஆராய்வோம். ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் இப்பின்பகுதியை ஊன்றிக் கவனித்தல் நலம்.

பழைய ஏடுகள்

தகவல் முறை கணிப்பொறியோடு பிறந்ததன்று. நம் வணிகர்கள் அன்றாடக் கொடுக்கல் வாங்கலை முதலில் சிட்டையில் குறித்தனர். பின்னர் அதனை ஆள்வாரியாகவும் இனவாரியாகவும் பிரித்துப் பேரேட்டில் ஏற்றினர். இறுதியில் ஐந்தொகை கட்டி இலாப நட்டம் கண்டனர். பர்மாவிலும் மலேயாவிலும் கடை வைத்திருந்த செட்டிநாட்டு வணிகர்களுக்கு, ஆங்கிருந்த ஏஜெண்டுகள் அனுப்பிய கணக்கே கண்ணும் காதுமாக இருந்தது. கடலுக்கு அப்பால் தம் பணம் எந்நிலையில் உள்ளது என்பதை முதலாளி அத்தாள்களைக் கொண்டே அறிந்தார்.

ஒவ்வொரு நடவடிக்கைக்கும் பற்று, வரவு என இரு பக்கங்கள் உண்டு. இரண்டின் தொகையும் சமமாதல் வேண்டும். இத்தத்துவத்தை விளக்கி லூக்கா பசியோலி என்னும் இத்தாலியக் கணித ஆசிரியர் எழுதிய நூல் 1494-ஆம் ஆண்டில் வெனிஸ் நகரில் அச்சாயிற்று. இன்று கணிப்பொறியில் இயங்கும் கணக்கு மென்பொருள் யாவும் அத்தத்துவத்தின் மீதே அமைந்துள்ளன. ஆகவே, கணிப்பொறி புதிய கணக்கியலைக் கொணர்ந்தது என்று கருதுதல் பிழை. பழைய கணக்கியலில் மனிதர் கையால் செய்து வந்த பெயர்த்தெழுதும் வேலையையும் கூட்டும் வேலையையும் அது ஏற்றுக்கொண்டது.

பெங்களூரில் தோன்றிய மென்பொருள்

தென்னிந்தியாவிலும் கிழக்கிந்தியாவிலும் உள்ள ஆலைகளுக்கு மூலப்பொருள்களையும் யந்திர உறுப்புகளையும் வழங்கி வந்தவர் சியாம் சுந்தர் கோயங்கா. தம் தொழிற்கணக்கைக் கணிப்பொறியில் வைத்துக்கொள்ளப் பொருத்தமான மென்பொருள் அவருக்குக் கிடைக்கவில்லை. கணிதப் பட்டதாரியாகிய தம் மகன் பரத் கோயங்காவிடம் அத்தகைய மென்பொருளை ஆக்கித் தருமாறு அவர் கூறினார். இம்முயற்சியிலிருந்து 1986-ஆம் ஆண்டில் பெங்களூரில் பியூட்ரானிக்ஸ் என்னும் கம்பெனி தோன்றியது. அதன் மென்பொருள் ‘டேலி’ என்னும் பெயரால் நாடெங்கும் அறியப்பட்டது. 1999-இல் கம்பெனியின் பெயரும் டேலி சொலூஷன்ஸ் என மாற்றப்பட்டது. பரத் கோயங்காவுக்கு 2020-இல் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது.

இம்மென்பொருளின் சிறப்பு யாது? அக்காலத்துக் கணக்கு மென்பொருள்களில் ஒவ்வொரு கணக்குக்கும் ஓர் எண் அல்லது குறியீடு கொடுக்க வேண்டியிருந்தது. கணிப்பொறியின் நினைவகம் சிறிதாக இருந்தமையால், நீண்ட பெயரைவிடச் சிறிய எண்ணே அதற்கு வசதியாயிற்று. ஆனால் கடைக்காரர் தம் வாடிக்கையாளரை எண்ணால் அறிவதில்லை, பெயரால் அறிகிறார். பேரேட்டில் அவர் பெயரே எழுதியிருக்கும். கணக்கின் பெயரையே எழுதிப் பதிவு செய்யும் வகையில், குறியீடு இன்றியே டேலி அமைக்கப்பட்டது. ஏடு எழுதிப் பழகிய கணக்கர், யந்திரத்தின் மொழியைக் கற்பதற்கு மாறாகத் தம் தொழில்மொழியிலேயே வேலை செய்ய முடிந்தது. மனிதர் ஏற்கெனவே அறிந்துள்ள ஒழுங்கைத் தழுவிச் செல்லும் தகவல் முறையே விரைவில் பரவும் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டாகும்.

ஒரு பதிவு, பல பயன்

மென்பொருள் உண்மையில் செய்வது யாது என்பதை ஓர் உதாரணத்தால் காண்போம். பெங்களூர்ச் சிக்குப்பேட்டையில் மொத்தச் சேலைக் கடை ஒன்று இருப்பதாகக் கொள்வோம். அது காஞ்சிபுரத்திலிருந்து ஒரு பட்டுச் சேலையை 8,000 ரூபாய்க்கு வாங்குகிறது. சரக்கு சேவை வரி 5 சதவீதம் எனக் கொண்டால், வரி 400 ரூபாய். தமிழ்நாட்டிலிருந்து கர்நாடகத்துக்குச் சரக்கு வருவதால் இது மாநிலங்களுக்கு இடையிலான ஒருங்கிணைந்த வரியாகும். பின்னர் அச்சேலையை அதே நகரின் சில்லறைக் கடைக்காரர் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்குக் கடனாக விற்கிறது. வரி 500 ரூபாய். இது மாநிலத்துக்குள் நிகழும் விற்பனையாதலால், மத்திய சர்க்காருக்கு 250, மாநில சர்க்காருக்கு 250 என வரி பிரிகிறது.

இவ்விற்பனைக்கு எழுத்தர் ஒரே ஒரு பட்டியலைக் கணிப்பொறியில் பதிவு செய்கிறார். உடனே பின்வரும் மாறுதல்கள் நிகழ்கின்றன:

வாங்கியவர் கணக்கில் 10,500 ரூபாய் பற்று எழுதப்படுகிறது.

விற்பனைக் கணக்கில் 10,000 ரூபாய் வரவாகிறது.

மத்திய வரிக் கணக்கிலும் மாநில வரிக் கணக்கிலும் முறையே 250 ரூபாய் வரவாகிறது.

சரக்கிருப்பில் ஒரு சேலை குறைகிறது.

மாத இறுதியில் செலுத்த வேண்டிய வரி, 500 ரூபாயிலிருந்து கொள்முதலின்போது செலுத்திய 400 ரூபாயைக் கழித்து, 100 ரூபாய் எனக் கணக்கிடப்படுகிறது.

கையால் எழுதிய காலத்தில் இவ்வொவ்வொன்றுக்கும் தனித்தனி ஏட்டைத் திறந்து அதே தொகையைப் பெயர்த்தெழுத வேண்டும். பெயர்த்தெழுதும் ஒவ்வொரு தடவையும் பிழை புக வழியுண்டு. கணிப்பொறியில் ஒரு முறை பதிவு செய்தால் போதும். முதலாளி நிலுவைப் பட்டியலைக் கேட்டாலும், கிடங்குக் காப்பாளர் இருப்பைக் கேட்டாலும், தணிக்கையாளர் ஐந்தொகையைக் கேட்டாலும், யாவரும் அந்த ஒரே பதிவின் வெவ்வேறு தோற்றங்களையே காண்கின்றனர். தகவல் முறையின் உயிர்நாடி இதுவே. 2017-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி சரக்கு சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது, சிறு வணிகர் பலர் கணிப்பொறிக் கணக்கை நாட நேர்ந்ததற்கும் இவ்வசதி ஒரு காரணமாகும்.

கட்டத் தாளும் கணக்கு மென்பொருளும்

அலுவலகங்களில் வழங்கும் மற்றொரு மென்பொருள் கட்டத் தாள் ஆகும். நிரைகளும் பத்திகளும் கொண்ட இதன் கட்டங்களில் எண்களையும் சூத்திரங்களையும் எழுதலாம். ஓர் எண்ணை மாற்றினால் அதைச் சார்ந்த விடைகள் யாவும் தாமே மாறும். அமெரிக்காவில் டான் பிரிக்ளின், பாப் பிராங்ஸ்டன் ஆகிய இருவர் ஆக்கிய ‘விசிகால்க்’ 1979-இல் வெளிவந்தது. இன்று பரவலாக வழங்கும் ‘எக்ஸெல்’ 1985-இல் தோன்றியது.

திட்டமிடுதற்கும் மதிப்பிடுதற்கும் கட்டத் தாள் மிகச் சிறந்த கருவி. “வாடகை உயர்ந்தால் இலாபம் என்னாகும்?” என்னும் வினாவுக்கு நொடியில் விடை தரும். ஆயினும் நிரந்தரப் பதிவேடாக அதனைக் கையாள்வதில் இடர் உண்டு. அதன் எந்தக் கட்டத்தையும் எவரும் அழித்தெழுதக் கூடும்; பற்றும் வரவும் சமமாக வேண்டும் என்று அது தானாக வற்புறுத்துவதில்லை; பழைய வகைக் கோப்பில் 65,536 நிரைகளுக்கு மேல் இடமும் இல்லை. 2020-ஆம் ஆண்டு செப்டம்பர் இறுதியில் இங்கிலாந்தில் கொரோனா நோய்த் தொற்றுக் கண்டவர்களின் பட்டியல் இத்தகைய பழைய வகைக் கோப்பில் ஏற்றப்பட்டபோது, இடம் போதாமையால் 15,841 பேரின் விவரம் உரிய காலத்தில் அறிக்கையில் சேராமற் போயிற்று. அவர்களோடு பழகியவர்களைக் கண்டு எச்சரிக்கும் பணியும் அதனால் தாமதமாயிற்று. கருவியில் குற்றமில்லை, பதிவேட்டின் வேலையைக் கட்டத் தாளிடம் ஒப்படைத்ததே குற்றம்.

வங்கியில் நிகழ்ந்த மாற்றம்

கடைக்கு அடுத்தபடியாக வங்கியை நோக்குவோம். இந்திய வங்கிகளில் யந்திரமயமாக்கலுக்கு வழி வகுத்த டாக்டர் சி. ரங்கராஜன் குழு 1984-இல் தன் அறிக்கையை அளித்தது. முற்காலத்தில் ஒருவர் வங்கியின் ஒரு கிளைக்கு மட்டுமே வாடிக்கையாளர்; அவர் கணக்கு அக்கிளையின் பேரேட்டில் இருந்தது. கிளைகள் யாவற்றின் கணக்கும் ஒரே மையக் கணிப்பொறியில் அமைந்த பின், அவர் வங்கி முழுமைக்கும் வாடிக்கையாளரானார். இதற்கு வேண்டிய மென்பொருள்களுள் ஒன்று ‘பினக்கிள்’. 1981-இல் புனேயில் தொடங்கி 1983-இல் பெங்களூருக்கு இடம் மாறிய இன்போசிஸ் கம்பெனி அதனை ஆக்கியது. நம் அஞ்சலகச் சேமிப்பு வங்கியும் அதே மென்பொருளைக் கைக்கொண்டது. சிற்றூர் அஞ்சலகத்தில் ஒரு மூதாட்டி செலுத்தும் 100 ரூபாயும் மையக் கணிப்பொறியில் ஒரு பதிவாகிறது.

சமமான கணக்கு உண்மையான கணக்கா?

இனி நாம் எச்சரிக்கையோடு அணுக வேண்டிய பகுதிக்கு வருவோம். மேற்கூறிய சேலை விற்பனையில், எழுத்தர் கவனக் குறைவால் 10,000 என்பதற்கு மாறாக 1,000 எனப் பதிவு செய்துவிட்டதாகக் கொள்வோம். மென்பொருள் என்ன செய்யும்? வாங்கியவர் கணக்கில் 1,050 பற்று எழுதும். விற்பனைக்கு 1,000 வரவும், வரிகளுக்கு 25, 25 வரவும் எழுதும். இருபக்கமும் 1,050, சமம். எவ்வித முறையீடுமின்றிக் கணிப்பொறி இதனை ஏற்றுக்கொள்ளும். 8,000 ரூபாய்ச் சேலை 7,000 ரூபாய் நட்டத்தில் விற்கப்பட்டதாக அழகிய அறிக்கை ஒன்றையும் அச்சிட்டுத் தரும்.

கணக்கு சமமாயிருப்பது, பற்றும் வரவும் ஒத்திருப்பதற்கு மட்டுமே சான்று. நிகழ்ந்ததும் எழுதியதும் ஒத்திருப்பதற்குச் சான்றாகாது. தொகையைத் தவறாக எழுதுதல், ஒரு நடவடிக்கையை முற்றிலும் எழுதாது விடுதல், ஒருவர் கணக்கில் எழுத வேண்டியதை மற்றொருவர் கணக்கில் எழுதுதல் ஆகிய மூன்றும் சமநிலையைக் குலைக்காத பிழைகள். ஏட்டுக் காலத்தில் இருந்த இப்பிழைகள் கணிப்பொறிக் காலத்திலும் இருக்கின்றன. மேலும், அச்சிட்ட தாளின் ஒழுங்கு படிப்பவரை ஐயுறாமல் இருக்கச் செய்வதால், இப்போது அவற்றின் அபாயம் மிகுதி எனலாம்.

இவற்றைக் கண்டுபிடிக்கும் வழி கணிப்பொறிக்கு வெளியே உள்ளது. கிடங்கில் சென்று சேலைகளை எண்ணிப் பார்ப்பது ஒரு வழி. வாங்கியவரிடம் நிலுவையை எழுதிக் கேட்டு உறுதி பெறுவது மற்றொன்று. வங்கி தரும் கணக்கோடு நம் கணக்கை ஒப்பிடுவது மூன்றாவது, வாங்கியவர் 10,500 ரூபாயை வங்கியில் செலுத்தியதும், அவர் 9,450 ரூபாய் அதிகம் கொடுத்ததாக நம் கணக்கு காட்டும், பிழை வெளிப்படும். சரக்கு சேவை வரியில், விற்றவர் தாக்கல் செய்யும் பட்டியல் வாங்கியவரின் வரிக் குறிப்பில் தோன்றுவதால், இருவர் ஏடுகளும் ஒன்றையொன்று சோதிக்கின்றன. தனித்தனியே இருவர் எழுதிய இரு பதிவுகள் ஒத்திருக்கும்போதுதான் நம்பிக்கைக்கு இடமுண்டு.

பிரிட்டனில் நேர்ந்த அநீதி

இச்சோதனையைக் கைவிட்டால் நேரக்கூடியது யாது என்பதற்குப் பிரிட்டிஷ் அஞ்சலகத்தின் வரலாறு துயரமான சான்றாகும். 1999 முதல் அந்நாட்டு அஞ்சலகக் கிளைகளில் ‘ஹொரைசன்’ என்னும் கணிப்பொறிக் கணக்கு முறை நிறுவப்பட்டது. கிளைகளை ஒப்பந்த முறையில் நடத்தி வந்தவர்கள், தம் பெட்டியில் இருக்கும் ரொக்கத்தைவிட அதிகத் தொகை இருக்க வேண்டும் என்று திரை காட்டுவதைக் கண்டு திகைத்தனர். குறைந்த தொகையைத் தம் கையிலிருந்து ஈடு செய்யுமாறு அவர்கள் பணிக்கப்பட்டனர். சிலர் வீட்டை அடமானம் வைத்தனர். 2015 வரையில் 900-க்கும் மேற்பட்டோர் திருட்டு, மோசடி, பொய்க்கணக்கு ஆகிய குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டனர். சிலர் சிறை சென்றனர்.

யந்திரம் சரியாகவே இயங்கியது எனக் கொள்ள வேண்டும், அன்று எனக் கூறுவோரே அதற்கு அடிப்படை காட்ட வேண்டும் என்பது அந்நாட்டு நீதிமன்றங்களின் கோட்பாடாக இருந்தது. மையத்தின் பதிவுகளைப் பார்க்க வழியில்லாத கிளைக்காரர் அதனை எங்ஙனம் காட்டுவார்? 555 பேர் ஒன்று சேர்ந்து தொடுத்த வழக்கில், ஹொரைசன் முறையில் பிழைகள் இருந்தன என்று 2019 டிசம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கிளைக்காரர் அறியாமலேயே அவர் கணக்கில் மையத்திலிருந்து மாறுதல் செய்ய இயன்றது என்பதும் வெளியாயிற்று. 2024-இல் பார்லிமெண்ட் தனிச்சட்டம் இயற்றி அத்தண்டனைகளை ஒருங்கே நீக்கியது. எனினும், இழந்த ஆண்டுகளைச் சட்டம் மீட்டுத் தர இயலாது.

நாணயமாகப் பணியாற்றிய மனிதரின் சொல்லும், கணிப்பொறியின் தொகையும் முரண்பட்டபோது, தொகையே உண்மை என முன்கூட்டியே முடிவு செய்ததுதான் இங்கு நேர்ந்த தவறு. எவ்வகை மென்பொருளும் இத்தவறிலிருந்து நம்மைக் காவாது.

நம் நாட்டு விதி

கணக்கில் யார், எப்போது, எதனை மாற்றினார் என்பது அழியாமல் பதிவாக வேண்டும். பழைய ஏட்டில் ஒரு தொகையை அடித்தெழுதினால் அடித்த கோடு தெரியும். கணிப்பொறியில் அக்கோடு தெரியாது. இக்குறையை நீக்க, இந்தியக் கம்பெனிகள் உபயோகிக்கும் கணக்கு மென்பொருள், ஒவ்வொரு மாறுதலையும் தேதியுடன் குறித்து வைக்கும் வசதி கொண்டிருக்க வேண்டும். அவ்வசதியை எவரும் நிறுத்தி வைக்க இயலாதவாறு இருக்க வேண்டும் என்று 2021-இல் விதி செய்யப்பட்டது. 2023 ஏப்ரல் 1-இல் தொடங்கிய கணக்காண்டு முதல் இது நடைமுறைக்கு வந்தது. அடித்தெழுதிய கோட்டை மீண்டும் கண்ணுக்குப் புலனாக்கும் விதி என்று இதனை வகுப்பில் விளக்கலாம்.

களப்பணியாளர்க்கும் ஆசிரியர்க்கும்

கணிப்பொறிக் கணக்கு இன்று பெருநகர்க் கடைகளோடு நிற்கவில்லை. 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணிப்பொறி மயமாக்கும் திட்டத்துக்கு மத்திய சர்க்கார் 2022 ஜூனில் ஒப்புதல் அளித்தது. ஏட்டிலிருந்து கணிப்பொறிக்குக் கணக்கை மாற்றும்போது, தொடக்க நிலுவை ஒவ்வொன்றும் கையால் ஏற்றப்படுகிறது. ஓர் உழவர் செலுத்திய தவணை அந்நாளில் விடுபட்டால், அதன் பின் வரும் ஒவ்வோர் அறிக்கையும் அவரைக் கடனாளி என்றே கூறும். ஆகவே களப்பணியாளர் உறுப்பினர்களிடம் கூற வேண்டுவன மூன்று: பணம் செலுத்தியதும் ரசீது பெறுக, ரசீதைப் பத்திரமாக வைத்திருக்க, சங்கம் காட்டும் நிலுவையோடு அதனை ஒப்பிடுக. உறுப்பினரின் ரசீது கணக்குக்கு மாறுபட்டால், ரசீதைப் புறக்கணியாது மூலச் சீட்டைத் தேடிப் பார்ப்பது அலுவலரின் கடமையாகும்.

தமிழ்நாட்டு மேல்நிலை இரண்டாம் ஆண்டுக் கணக்குப்பதிவியல் பாடநூலில் டேலி ஒரு பாடமாக இடம் பெற்றது. அதனைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் பின்வரும் பயிற்சியைச் செய்து பார்க்கலாம். ஒரு பெட்டியில் 20 பென்சில்களையும் ஒரு சிறு தொகையையும் வைத்து, மாணவர்களைக் கொண்டு பத்து விற்பனைகளை நடத்துக. ஒரு குழு அவற்றை ஏட்டிலும், மற்றொரு குழு கணிப்பொறியிலும் பதிவு செய்யட்டும். ஒரு விற்பனைச் சீட்டின் தொகையை மட்டும் ஆசிரியர் இரகசியமாக மாற்றிக் கொடுக்கட்டும். இரு குழுவினரின் கணக்கும் சமமாகவே முடியும். பின்னர் பெட்டியைத் திறந்து பென்சில்களையும் காசையும் எண்ணச் சொல்க. பென்சில் சரியாயிருக்கும், காசு வேறுபடும். பத்துச் சீட்டுகளையும் விற்றவர், வாங்கியவர் ஆகியோரின் வாய்மொழியோடு ஒப்பிட்டுப் பிழையை மாணவர்களே கண்டுபிடிக்கட்டும்.

மென்பொருளின் எந்தப் பொத்தானை அழுத்துவது என்பது சில ஆண்டுகளில் மாறிவிடும். பெட்டியைத் திறந்து எண்ணிப் பார்க்கும் பழக்கம் மாறாது பயன் தரும். மாணவர் பள்ளியை விட்டுச் செல்லும்போது உடன் கொண்டு செல்ல வேண்டுவது அதுவேயாகும்.